மூடியில் கிடந்த கறுப்புக் காய்கள்

1979இல் திருவேட்டக்குடி சிலுவைராஜ், தன் தம்பி மனைவி இசபெல்லாவின் கிணற்றடியில் கட்டிய சுவர், பூச்சு காய்வதற்குள் இல்லாமல் போனது. இடிந்து விழவில்லை, யாரும் திருடவுமில்லை. சுவர் நின்ற இடத்தில் மண் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் மத்தி மீன் மலிவாகக் கிடைத்தது.

தம்பி யாகப்பன் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பி வாங்கிய மனை அது. வரும்போது கட்டம் போட்ட பலகை ஒன்றும் கறுப்பு வெள்ளைக் காய்களும் கொண்டுவந்திருந்தான். எதிராளியின் காய்களை நாலா பக்கமும் வளைத்து, மூச்சுவிட வழியில்லாமல் செய்தால் எடுத்துத் தன் காய்ப்பெட்டியின் மூடியில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் ஆட்டம். புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலங்களில் ஆடுவார்கள். யாகப்பன் செத்த மறு வருடமே அண்ணன்காரன் அதே ஆட்டத்தை நிலத்தில் ஆரம்பித்தான், ஆடத் தெரியாமலே. சுற்றியிருந்த கொல்லைகளை வளைத்து வேலி போட்டான். வடக்கே குளத்துக்குப் போகும் பாதை போயிற்று, மேற்கே புளியமரம் போயிற்று. தனியாக இருக்கும் பொம்பளை வீட்டை விட்டுத் தானே ஓடிவிடுவாள் என்று நினைப்பு. பெரிய மனிதர்கள், குடும்ப விவகாரம் என்று வேட்டியை உதறிக்கொண்டு போனார்கள். வெட்கங்கெட்ட ஊர்.

அவன் வேலி போட்ட இடத்துக்கெல்லாம் இசபெல்லா ஓடி ஓடிச் சண்டை போட்டாள், ஒவ்வொன்றிலும் தோற்றாள். ஒருநாள் பலகை முன்னால் தனியாக உட்கார்ந்தபோதுதான், பாதி ஆட்டத்தில் யாகப்பன் சொல்வது ஞாபகம் வந்தது. "அவன் வச்ச எடத்துலயே நீயும் வைக்காத. சின்னதா ஒண்ண வுட்டுக்குடு. அவன் அதத் திங்கறதுக்குள்ள பெருசக் காப்பாத்திக்க." இத்தனை நாளும் சிலுவைராஜ் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனோமே என்று அவளுக்கு உறைத்தது. தெற்கே மாட்டுக்கொட்டகையை விட்டுக்கொடுத்தாள். அவன் அதைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்த மழைக்காலத்தில், வீட்டை ஒட்டிக் கிணற்றடியையும் அடுப்படிக்குப் பின்புறத்தையும் தனித்தனியாக அடைத்து, இரண்டையும் வெறுமனே விட்டுவைத்தாள். ஆட்டத்தில், உள்ளே அப்படி இரண்டு வெற்றிடம் உள்ள காய்க்கூட்டத்தை எவ்வளவு வளைத்தாலும் எடுக்க முடியாது. அதில் கொண்டுவந்து வைக்கிற காய்தான் சாகும்.

முதலில் போனது அந்தச் சுவர். பிறகு அவன் ஏவிவிட்ட பசு போனது, கூட்டிவந்த சர்வேயரின் அளவுச் சங்கிலி போனது. ஒவ்வொரு தடவையும் காய்ப்பெட்டியின் மூடியில் ஒரு கறுப்புக் காய் கூடியிருந்தது. 1983 பெரிய வியாழக்கிழமையன்று, ஆத்திரம் தாங்காமல் சிலுவைராஜே கடப்பாரையோடு கிணற்றடியில் இறங்கினான்.

அவன் மனைவி சலோமி வந்து, "எம் புருசன் எங்கடி?" என்றாள்.

"நான் கூப்புடலக்கா. வராதீங்கன்னுதான் இத்தன வருசமா கத்துனேன். நீங்களும் கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க" என்று இசபெல்லா ஐந்து காய் கிடந்த மூடியை நீட்டினாள்.

சலோமி ஒவ்வொரு காயாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சுவரும் பசுவும் சங்கிலியும் கடப்பாரையும் புருஷனும் ஒரே எடைதான். இதுதான் அவர் என்று ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய் மாதா படத்தடியில் வைத்தாள். வருடா வருடம் அதற்குப் பூசை ஒப்புக்கொடுத்தாள், பங்குச் சாமியாரும் சிலுவைராஜின் பெயரைச் சொல்லியே ஜெபித்தார். விடியற்காலையில் அந்தப் படத்தடியில் மாடு அசைபோடும் சத்தம் கேட்கும். சலோமி எழுந்து, காயின் முன்னால் ஒரு கை வைக்கோல் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் புறப்படுவாள்.