பாத்திரம் ஏந்திய கை

அவள் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. ஜெபிப்பதை நிறுத்தவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தவர்கள் அவளை விசுவாசத்தை விட்டுப்போனவள் என்றார்கள். அவளும் யாரிடமும் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவள் நர்ஸ். நோயாளியின் கையில் அந்தத் தடித்த ஊசியை ஏற்றுவதற்கு முன், பஞ்சால் துடைக்கிற நேரத்துக்குள், அந்த ஆளுக்காக மனதுக்குள் கேட்டுக்கொள்வாள். உதடு லேசாக அசையும். ஊசி போடுகிறவளே சாமியைக் கூப்பிட்டால் போட்டுக்கொள்கிறவன் யாரைக் கூப்பிடுவது என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கிண்டலடிப்பார். ஆனால் வேறு நர்ஸ் வந்தால் அவர் கையை நீட்டமாட்டார்.

அவளுடைய கணவனுக்கு மருந்துக்கடை. சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்க அவர் எழுந்து நின்றால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அப்படி ஒரு குரல். வீட்டில் அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. கைதான் உயரும். கடைசியாக உயர்ந்தபோது அவளுடைய தோள்பட்டைக்கு மேலே காறை எலும்பு முறிந்தது. கையைத் தூக்குப்பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, அந்த வாரமே அவள் ஆலயத்துக்குப் போனாள். போக வேண்டிய இடம் அதுதான் என்று நம்பினாள். அப்போதிருந்த போதகர் பக்கத்து அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துப்போகிறவளால்தான் வீடு நிற்கும், பெண்பிள்ளையை வைத்திருக்கிறாய், நினைத்துப் பார் என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கணவன் வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் குரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தவள், பிறகு அவரோடும் வாழவில்லை, அந்த வாசலையும் மிதிக்கவில்லை.

அப்போது இறையியல் படித்துக்கொண்டிருந்த அவளுடைய தம்பி, சில வருஷம் கழித்து அதே ஆலயத்துக்குப் போதகராக வந்தான். இனி அந்த மனிதரை ஓரங்கட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் செய்யவில்லை. கூரை ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும் மூப்பரின் தயவு வேண்டியிருந்தது. பேச்சில்கூட அவரை இன்னும் அத்தான் என்றுதான் சொன்னான்.

இதற்கிடையில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒரு குடும்பம் வரவில்லை என்று விசாரிப்பதற்குள் அடுத்த குடும்பம் நின்றுபோனது. தம்பி கிட்டார் வாங்கினான், திரை மாட்டினான், ஆராதனை முடிந்ததும் காப்பி கொடுத்துப் பார்த்தான். ஆர்மோனியத்துக்குக் கொட்டாவி விட்டவர்கள் கிட்டாருக்கும் கொட்டாவிதான் விட்டார்கள். கடைசியில், ஆலயத்தை நடத்துவதா மூடுவதா என்று பார்க்கப் பேராயர் வரப்போவதாகச் செய்தி வந்தது.

தம்பி ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே சுற்றிவளைத்தான்.

"ஒரே ஒரு நாள்க்கா. நீயும் பாப்பாவும் வந்து உட்காருங்க. பேராயர் பார்க்கிறப்ப பெஞ்சு காலியா இருக்கக் கூடாது."

மகள் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறவள். சாமி, சர்ச் என்றாலே முகம் திருப்புகிறவள். "துணிக்கடை பொம்மைய வாடகைக்குக் கேட்டுப் பாருங்க மாமா. அது பேசாம உட்காரும்," என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனாலும் எழுந்து போகவில்லை. அன்றைக்குத் திருவிருந்தும் உண்டு, பேராயரே அப்பம் கொடுப்பார் என்றான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் அசைந்தாள். ஜெபத்தை வீட்டில் செய்துவிடலாம், பாட்டைச் சமையலறையில் பாடிவிடலாம். திருவிருந்தை அப்படி எடுத்துவிட முடியாது; அதை ஒருவர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இத்தனை வருஷமும் அந்தப் பசி அவளுக்கு இருந்தது. மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"உன் அத்தான் கையால நான் எதுவும் வாங்க மாட்டேன். அதுக்கு நீ பொறுப்பு," என்றாள்.

"அத்தான் அன்னைக்குப் பீடத்துப் பக்கமே வரமாட்டார். நான் பார்த்துக்கிறேன்."

முந்தின நாள் முழுக்க அவள் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் போல இருந்தாள். வெளிறிய நீலப் புடவைக்கு இரண்டுமுறை இஸ்திரி போட்டாள். மகள் வரமாட்டேன் என்றவள், காலையில் என்ன நினைத்தாளோ, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

ஆலயத்தில் பெஞ்சுகளின் வார்னிஷ் உரிந்திருந்தது. முன்னால் சில நரைத்த தலைகள். நடுவில் தம்பி வருந்தி அழைத்துவந்த உறவுக்காரர்கள். மற்றதெல்லாம் வெறும் மரம். மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

முறை வந்ததும் போய்ப் பீடத்தின் முன் மண்டியிட்டாள். பேராயர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கரைந்தது. அழக் கூடாது என்று வந்தவளுக்குக் கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது. எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்காமல், வந்தாயா என்று மட்டும் கேட்டது போலிருந்தது.

அப்போது மேலேயிருந்து அந்தக் குரல் கேட்டது. திருவிருந்தின் வழக்கமான வார்த்தைகள். ஒரு எழுத்தும் தடுமாறவில்லை. கண்ணைத் திறந்தாள். திராட்சரசம் இருந்த வெள்ளிப் பாத்திரத்தைச் சுற்றி ஒட்ட வெட்டிய நகங்கள். அவளுக்குத் தெரிந்த விரல்கள்.

அவள் பாத்திரத்தின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"இந்தக் கையால வேணாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆள் நிறைந்த ஆலயமாக இருந்திருந்தால் பக்கத்தில் இருந்தவளுக்கு மேல் கேட்டிருக்காது. காலி மண்டபம் அதைக் கடைசிச் சுவர் வரைக்கும் கொண்டுபோனது. அவர் புன்னகை மாறாமல் பாத்திரத்தைத் துடைத்து அடுத்தவளிடம் நீட்டினார். அடுத்தவள் குடித்தாள்.

வெளியே, வாசல் கேட்டருகே தம்பி மூச்சிரைக்க வந்து பிடித்தான். உதவிக்கு வரவேண்டியவர் வரவில்லை, அத்தானே எழுந்து வந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டார், பேராயர் முன்னால் எப்படித் தடுப்பது என்றான்.

"ஒரு வாய்தானேக்கா. பொறுத்திருக்கலாம்."

"எலும்பு உடைஞ்சப்பவும் இதையேதான் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு அவள் மகளோடு நடந்தாள். மகள் வழி முழுக்க அவள் கையை விடவில்லை.

ஆலயம் மூடப்பட்டது. ஆள் குறைவுதான் காரணம் என்று பேராயர் சொன்னார். ஊர் வாய் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பொம்பளை நுழைந்தாள், ஒரே நாளில் ஆலயத்துக்குப் பூட்டு விழுந்தது என்றது. கட்டிடத்தை மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய சபையில் சேர்ந்தார். அங்கேயும் அவருடைய குரலைக் கேட்டார்கள். அங்கேயும் மூப்பராக்கிவிட்டார்கள்.

தம்பிக்குப் பேராயர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது, பிரசங்கம் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போக இடமில்லாதவனாக அக்கா வீட்டுக்கு வந்தான். மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டுவிட்டு, தானாகவே சொல்லத் தொடங்கினான். பேராயர் வருவதற்கு முன்னால், நின்றுபோனவர்களின் வீடுகளுக்கெல்லாம் அவன் போய் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறான். முதலில் வேலை, உடம்பு, தூரம் என்றார்கள். இரண்டாம் முறை போனபோது தையல்காரம்மா சொன்னாள். பிறகு ஸ்கூல் டீச்சர் சொன்னாள். அப்புறம் இன்னும் இரண்டு மூன்று வீட்டில்.

"கையில கட்டோட வந்தவள வெளிய அனுப்பிட்டு, அந்த ஆள வாசிக்க விட்டீங்க. அதுக்கப்புறம் அங்க உட்கார்ந்து பாட முடியலன்னாங்கக்கா."

"பேராயர்கிட்ட என்ன சொன்ன?"

"செல்போன், டிவின்னு சொன்னேன்."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அது வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வந்தது வேறொரு கசப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தச் சமையலறை மேஜையில் வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி வெளியே நிற்கிறோம் என்று உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல்காரம்மாவும் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அவங்கள்லாம் எனக்காகவா வெளிய வந்தாங்க?"

"ஆமாக்கா."

"அப்ப ஒருத்தர்கூட ஏன்டா என் கதவத் தட்டல?"

ஆடை படிந்த காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். கிளம்பும்போது, சேர்ந்து ஜெபிக்கலாமா என்று கேட்டான். அவன் வாயிலிருந்து அது உத்தரவு கேட்பது போல வந்தது அன்றைக்குத்தான்.

"நான் காலையிலயே பண்ணிட்டேன்," என்றாள்.

அது பொய்யல்ல. அன்றைக்குக் காலையிலும் அவனுக்காகக் கேட்டிருந்தாள். அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.