அமாவாசையில் ஓடிய தறி

ஆய்வு வழிகாட்டி ஜெயம் மேடத்தின் பாராட்டுக்குப் பயந்து நடுங்குவோம் என்று நிலா கனவிலும் நினைத்ததில்லை.

"உன் ஆய்விலேயே உருப்படியானது அந்தக் காசியம்மாள் பேட்டிதான்" என்றார் மேடம் போனில். "அமாவாசை அன்னிக்கும் தறியில உட்கார வெச்சாங்களாமே! நான் ஆரணியில பொறந்தவ. அமாவாசைக்கு அங்க யாரும் தறியைத் தொட மாட்டாங்க. அக்கிரமம் இது. நாளைக்கு நானே வரேன், அந்தம்மாவைப் பார்க்கணும்."

காசியம்மாள் என்று ஒருத்தி கிடையாது.

நிலா படவேட்டுக்காரி. அவளுக்கு நெல் தெரியும், வாழை தெரியும், தறி தெரியாது. பட்டு நெய்யும் பெண்களின் உடல்நலம் பற்றி முதுகலை ஆய்வு செய்தாள். வெயிலில் ஆரணியில் தெருத்தெருவாக அலைந்தது சத்தியம். குரலைப் பதிவு செய்யப் பெண்கள் கூச்சப்பட்டதால் கையாலேயே எழுதிக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு பேட்டி குறைந்தது. ஊருக்குப் பஸ் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இன்னொரு நடை யார் வருவது? எடுத்த பேட்டிகளை ஏஐயிடம் கொடுத்து, இதே மாதிரி ஒன்று எழுதித் தா என்றாள். நிஜம் போல இருக்கட்டுமே என்று தறி முதலாளி தனசேகரன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். அது கேட்டதற்கு மேலேயே, அமாவாசைக் கதையையும் சேர்த்து எழுதித் தந்தது. இந்த மகராசி அதை ஒருமுறை நிதானமாகப் படித்தாளா என்றால், அதுவும் இல்லை.

தனசேகரனோ அவளுக்கு நாற்காலி போட்டு, தன்னிடம் கூலிக்கு நெய்யும் பெண்களைக் கூப்பிட்டு, "பாப்பா கேக்கறதுக்கு மறைக்காம சொல்லுங்க" என்ற மனிதர்.

மறுநாள் மேடத்தின் பின்னால் தனசேகரனின் தெருவில் நடந்தாள். காசியம்மாள் வீடு எது என்று மேடம் கேட்டார்.

"அவங்க... ஊருக்குப் போயிட்டாங்க மேடம்."

"பரவால்ல, முதலாளியையே கேட்டுடலாம். லேபர் ஆபீசர்கிட்டயும் சொல்லியிருக்கேன். வந்துகினு இருக்காரு."

இப்போதே சொல்லிவிடு என்று நிலாவின் மனம் அடித்துக்கொண்டது. சொன்னால் பட்டம் போச்சு. அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

வீட்டு வாசலில் மேடம் கேட்டதும் தனசேகரன் பேந்தப் பேந்த விழித்தார். "அமாவாசையிலயா? எங்கப்பா காலத்துலருந்து இந்த வீட்ல அன்னிக்குத் தறி ஓடினதில்லீங்க. காசியம்மான்னு யாருமே எங்கிட்ட இல்லீங்க."

"இல்லியா, இல்லாம பண்ணிட்டீங்களா? ஊரை விட்டே துரத்திட்டீங்களா?"

உள்ளே தறிச் சத்தம் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். வெளியே ஆபீசரின் ஜீப் வந்து நிற்கும் ஓசை கேட்டது. நிலா குறுக்கே வந்து நின்றாள்.

"மேடம், அவரை விட்டுடுங்க. காசியம்மான்னு யாரும் இல்ல. நான்தான் ஏஐல எழுத வெச்சேன்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தனசேகரனைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு நிலா பக்கம் திரும்பினார். "ஒண்ணு பொய்னு நீயே சொல்ற. மத்ததை நான் எதை வெச்சு நம்பறது? மொத்த ஆய்வும் செல்லாது."

இதைத்தான் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். வந்தே விட்டது. இனிப் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தபோது வாசலில் நின்ற பெண்களில் பூங்காவனம் முன்னால் வந்தாள்.

பூங்காவனம் நிஜம். முகூர்த்தப் புடவை முடிய வேண்டும் என்று நிறைமாதத்திலும் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்தவள். பிள்ளை தங்கவில்லை. யாரிடமும் வாய் திறக்காதவள், நிலாவிடம்தான் முதன்முதலாகச் சொல்லி அழுதாள். "எழுதிக்கோ பாப்பா, நாலு பேரு படிக்கட்டும்" என்றாள்.

"இன்னா பாப்பா சொல்றாங்க? நான் சொன்னதும் பொய்யாயிடுச்சா?"

மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னது பொய்யில்லம்மா. ஆனா இவ எழுதினதை இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. வேற பொண்ணை அனுப்பறேன். அவகிட்ட மறுபடி சொல்லுங்க."

"மறுபடியுமா?" பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒரு தபா சொல்றதுக்கே செத்துப் பொழைச்சேங்க. இனிமே யாரையும் அனுப்பாதீங்க."

உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தாள்.