எல்லாருக்கும் பொருந்தும்

அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் வைத்துக்கொண்டு படகு வாங்கிய ஒரே ஆள் லிப்ட் மெக்கானிக்தான். வேலைநாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிவடத்தையும் கப்பியையும் அண்ணாந்து பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் அகலமாக எதையாவது பார்க்க ஆசைப்பட்டார். அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆசை வந்த வேகத்தில் பழக்கம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் ஏரியில் இறக்கும்போது, படகின் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டைக்கு மூடி போடவே மறந்துவிட்டார். மூடி அவர் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. கணுக்கால் நனைந்த பிறகுதான் கை பைக்குள் போனது. அன்றிலிருந்து தெருவே அவரைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். சனிக்கிழமை வந்தால் படகின் பேட்டரி சமையல்கட்டில் மிக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சார்ஜ் ஏறும். பெட்ரோல் கேனை முகர்ந்து பார்ப்பார், தீயணைக்கும் சிலிண்டரைக் குலுக்கிப் பார்ப்பார், காற்று எந்தப் பக்கம் என்று மொட்டைமாடிக்கு ஓடுவார். மூடியை மட்டும் போகிற வழியில் மூன்று முறையாவது தொட்டுப் பார்ப்பார். அவர் மனைவி இதையெல்லாம் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொண்டாள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைக்கிறவள் அவள். படகுக்குக்கூட முன்னும் பின்னும் அளவெடுத்து, சுருக்கம் விழாமல் ஒரு தார்ப்பாய் உறை தைத்துப் போட்டிருந்தாள்.

வம்பு வந்தது லைஃப் ஜாக்கெட்டில். கேப்டன் ஒரே மாதிரி நான்கு வாங்கிவந்தார். ஆரஞ்சு நிறம், முன்பக்கம் பக்கிள், தோளில் ஒரு விசில்.

"ஜாக்கெட் போடாம எவரும் என் படகுல கால் வெக்கக் கூடாது. விசில் சத்தம் கேட்டா, எது எப்படி இருந்தாலும் கரைக்குத் திரும்பிடணும்," என்று கூடத்தில் நின்று சட்டம் போட்டார்.

"போலீஸ் தோத்துது போங்க," என்று சிரித்தாள் தையல்காரி. அவர் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பக்கிளின் இரண்டு பக்கமும் சேரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தாள். அப்போதும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. கழட்டி உள்பக்கம் பார்த்தாள். கழுத்துப் பட்டையில் தைத்திருந்த சீட்டில், 'எல்லாருக்கும் பொருந்தும்' என்று அச்சடித்திருந்தது.

இதே இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தால் தையல்காரி என்ன சொல்லியிருப்பாள் என்பது தெருவுக்கே தெரியும். "குறை உன் உடம்புல இல்லம்மா, வெட்டினவன் கையில" என்று சொல்லிச் சொல்லியே பலபேருடைய கூச்சத்தைப் போக்கியவள். யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்கு முதுகு வளைந்தது என்பதெல்லாம் அவள் வாயைத் தாண்டாது. நாத்தனாருக்கு இடது தோள் சற்று இறக்கம். அதைச் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்து நேராக்கியிருக்கிறாள். நாத்தனாரின் கூடப்பிறந்த தம்பியான கேப்டனுக்கே இன்றுவரை தெரியாது. ஊருக்கெல்லாம் சொல்கிற நியாயத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாருக்கும் பொருந்துவது தனக்குப் பொருந்தவில்லை என்றால், தான் அந்த எல்லாரில் சேர்த்தியில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது.

அது புதிதாக வந்த எண்ணமும் இல்லை. ஒருமுறை உறவுக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, லிப்டில் எடை கூடிவிட்டது என்று மணி அடித்தது. கடைசியாக ஏறியவன் ஒல்லிப்பிச்சானாக மூலையில் நின்றான். ஆனாலும் அத்தனை கண்ணும் அவளைத்தான் பார்த்தன. யாரும் சொல்வதற்கு முன்பே அவள் இறங்கி மாடிப்படி ஏறினாள். புருஷன் உள்ளேதான் இருந்தார். கதவு எந்தத் தடத்தில் உரசுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குத் தலை சுற்றியது. தலை சுற்றாத வாரம் அவசர ஆர்டர் வந்தது. கேப்டன் தனியாகப் போய்த் தனியாக வந்தார். ஒருநாள் மாலை, படகு உறையைக் கட்டிக்கொண்டே அவர் போனில் யாரிடமோ பேசுவது அவள் காதில் விழுந்தது.

"வீட்ல அவளுக்குப் பிடிக்கலப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து போகத்தான் வாங்கினேன். ஒத்தையா சுத்தி என்ன பண்ண? ஆள் இருந்தா சொல்லு, தள்ளிவிட்டுடலாம்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தையல்காரி தாங்கியிருப்பாள். அவர் அவளை விட்டுக்கொடுக்காமல் படகை விட்டுக்கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு ஜாக்கெட்டின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்தாள். உள்ளே ஃபோம் பட்டை பட்டையாக அடுக்கியிருந்தது. அவள் கண்ணுக்கு அது தேவைக்கு மேல் வைத்த உள்துணி மாதிரிதான் தெரிந்தது. முன்பக்கம் பாதியை உருவினாள், முதுகிலும் கொஞ்சம் எடுத்தாள், பக்கிள் பட்டையை நீட்டினாள், பழைய ஊசி ஓட்டையிலேயே ஊசி இறக்கித் தைத்து மூடினாள். போட்டுப் பார்த்தாள். பக்கிள் 'டக்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வராமல் இல்லை. நான் எதுக்கு விழப்போறேன் என்று அதை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அடையாளத்துக்குக் கழுத்துப் பட்டையில் நீல நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேங்க," என்று அவள் சொன்னதும் கேப்டன் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில்தான் காரியம் கெட்டது. அக்காவுக்கும் போன் போட்டு வரச்சொல்லிவிட்டார்.

நாத்தனார் ஒல்லி. வாய் மட்டும் ரெண்டு ஆள் வாய். "ஏம்மா, படகு தாங்குமா, உன் புருஷன்கிட்ட நல்லா கேட்டுக்கிட்டியா?" என்று படகுத்துறையில் இறங்கும்போதே ஆரம்பித்தாள். தையல்காரி சிரித்து வைத்தாள். கேப்டன் மூட்டையை அவிழ்த்து ஆளுக்கொரு ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். தன் கைக்கு வந்ததை அவள் திரும்பி நின்று மாட்டினாள். பக்கிள் சேரவில்லை. அவசரமாகக் கழுத்துப் பட்டையைப் புரட்டினாள். நீல முடிச்சு இல்லை.

திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் படகுக்குள் உட்கார்ந்தே விட்டாள். "டேய், இது நல்லா இருக்குடா. பூ மாதிரி லேசா இருக்கு," என்று மாரைத் தட்டிக் காட்டினாள். கழுத்தருகே நீல நூல் தெரிந்தது.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நாத்தனார் முன்னால் இதைச் சொல்வதைவிட ஏரியில் குதிக்கலாம் என்று தோன்றியது. ஜாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்குத் தலை சுத்துதுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வாங்க," என்றாள்.

கேப்டனின் முகம் வாடியது. கயிற்றை அவிழ்த்து என்ஜினைக் கிளப்பினார்.

படகு துறையை விட்டு நகர்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. நாத்தனாருக்கு நீச்சல் தெரியாது. வாய் கொழுப்புதான், ஆனால் தையல்காரியின் பிரசவத்துக்கு வந்து துணி அலசிப் போட்டவளும் அந்த நாத்தனார்தான். நான் எதுக்கு விழப்போறேன் என்று தைத்த தையல் இப்போது இன்னொருத்தி உடம்பில் ஏரி நடுவே போய்க்கொண்டிருந்தது. காற்று எழும்பித் தண்ணீர் அலம்பியது. நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு, தம்பியைப் படம் பிடிக்க எழுந்து நின்றாள்.

"உக்காருங்கக்கா! உக்காருங்க!" துறையின் நுனிவரை ஓடிக் கையை ஆட்டிக் கத்தினாள். என்ஜின் சத்தத்தில் என்ன கேட்கும்? டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து நாத்தனார் இன்னும் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

தையல்காரி கையிலிருந்த ஜாக்கெட்டின் விசிலை வாயில் வைத்து ஊதினாள். மூச்சு முட்ட முட்ட ஊதினாள். துறையில் நின்ற குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. தூரத்தில் கேப்டனின் தலை திரும்பியது. சட்டம் போட்டவர் அல்லவா, அக்காவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, படகை அப்படியே வளைத்துத் திருப்பினார்.

"என்னாச்சு? மயக்கமா?" என்று பதறிக்கொண்டு கரைக்குத் தாவினார்.

"அக்கா போட்டிருக்கிறதுல பஞ்சு பத்தாதுங்க. பாதியை உருவிட்டேன்."

"எதுக்கு?"

"எனக்குச் சேரல." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நாலுமே சேரல. முத நாளே போட்டுப் பார்த்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் தலைசுத்தல், ஆர்டர் எல்லாம். படகு எனக்குப் பிடிக்காம இல்லைங்க."

கேப்டன் அக்காவிடமிருந்து ஜாக்கெட்டைக் கழட்டி வாங்கி, படகின் நங்கூரத்தை அதில் கட்டினார். கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறக்கினார். ஜாக்கெட் கொஞ்ச நேரம் தயங்கியது, பிறகு மெல்ல உள்ளே போனது. ஆரஞ்சு நிறம் மங்கி மறைந்தது. மேலே இழுத்து, அதே நங்கூரத்தைத் தன் ஜாக்கெட்டில் கட்டி இறக்கினார். அது பாதி முங்கி மிதந்தபடியே நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார்தான் முதலில் அசைந்தாள். ஈர ஜாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "பாவி, நீ எங்க பிரிச்சேன்னே தெரியலையேடி. உன் கைவேலை இவ்வளவு சுத்தமா இல்லேன்னா நானே கண்டுபிடிச்சிருப்பேன்." அடுத்ததாகக் குத்தல் வரும் என்று தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் தன் இடது தோளைத் தொட்டாள். "என் தோளுக்கு யாருக்கும் தெரியாம பஞ்சு வெச்ச கை, உன் உசுருக்கு வெச்ச பஞ்சை உருவுமா? அறிவு வேணாம்?"

"தோளுக்கா?" என்றார் கேப்டன்.

"உனக்கு எதுதான் தெரிஞ்சுது, போடா."

கேப்டன் துறையின் பலகைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "ஜாக்கெட் வாங்கும்போது கடைக்காரன் யார் யாருக்கு, மார் சுத்தளவு என்னன்னு கேட்டான். லிப்டுன்னா எத்தனை கிலோ தாங்கும்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். உன் அளவு எனக்குத் தெரியல. பொதுவா குடுங்கன்னுட்டேன்." கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில மணி அடிச்சப்ப நீ இறங்கினது எனக்குத் தெரியும். கதவைப் பார்க்கிற மாதிரி நின்னுட்டேன். நானும் கூட இறங்கியிருக்கணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"டேப் இருக்கா?" என்று எழுந்தார் கேப்டன். அவள் கைப்பையில் இஞ்ச் டேப் இல்லாத நாள் கிடையாது. எடுத்துக் கொடுத்தாள்.

"கையைத் தூக்கு."

ஆயிரம் பேரிடம் அவள் சொன்ன வார்த்தை. அவளிடம் யாரும் சொன்னதில்லை. தூக்கினாள். கேப்டன் டேப்பைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார். முதுகுப்பக்கம் அது இறங்கித் தொங்கியது. "ஐயோ, உன் அளவுல தைச்சா உருப்பட்ட மாதிரிதான்," என்று நாத்தனார் வந்து பின்னால் டேப்பைத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் தம்பியின் போனை வாங்கி, கடைக்காரனுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லுங்க, மார் சுத்தளவு என்ன?" என்றது போன்.

துறையில் நின்றவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேப்டன் டேப்பில் எண்ணைத் தேடித் தடவுவதற்குள் தையல்காரியே குனிந்து பார்த்தாள். முன்னறையில் 'கையைத் தூக்கு' என்கிற அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஐம்பத்தி ரெண்டு."

"இருக்குதும்மா," என்றான் கடைக்காரன். "அதுக்கு மேலயும் இருக்கு."