ஒரு சாண் இடைவெளி

அவனுடைய பயமெல்லாம் காற்றின் மேல்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் நிலத்தில் தீவனப் புல் விதைப்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் அங்கே முழங்கால் அளவுக்கு மண்டிக் கிடந்த முட்செடிகளைக் களைக்கொல்லி அடித்துக் காயவைக்க வேண்டும். முதுகில் மாட்டிக்கொள்ளும் பழைய தெளிப்பான் ஒன்று கொட்டகையில் இருந்தது. அதன் மூடி கசியும். மருந்தடித்துவிட்டு வரும்போதெல்லாம் சட்டையின் பின்பக்கம் நனைந்திருக்கும். போன வருஷம் வரை அதை அவன் பொருட்படுத்தியதில்லை. இந்த வருஷம் மனைவிக்கு எட்டாவது மாதம். இதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருக்க இருவருமே நன்றாகப் பழகியிருந்தார்கள்.

அதனால்தான் குட்டி வண்டியில் பொருத்துகிற பூம் ஸ்பிரேயர் ஒன்று வாங்கிவிடலாம் என்றான். குட்டி வண்டி என்று அவர்கள் சொன்னது, ஜீப்புமில்லாமல் டிராக்டருமில்லாமல், பின்னால் சரக்குத் தட்டோடு நிலத்துக்குள் ஓடித் திரிகிற ஒரு வண்டி. தட்டில் தொட்டி உட்கார்ந்துகொள்ளும். பின்னால் இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் விரியும். கைகளில் வரிசையாக மருந்தைப் பீய்ச்சும் துளைமுனைகள், நாசில்கள். ஓட்டுகிறவன் மருந்துக்கு முன்னால் இருப்பான், நனைய மாட்டான்.

கடைக்கு மனைவியும் வந்தாள்.

"நானூறு லிட்டர் தொட்டி இருக்கே, அதையே எடுத்துக்கலாமா? அடிக்கடி ரொப்ப வேணாம்," என்றான் அவன்.

கடைக்காரர் வண்டியின் படத்தை அவனுடைய போனில் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "சார், ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இந்தத் தட்டு அவ்வளவு தாங்காது. சரிவு நிலம்னு வேற சொல்றீங்க. தொட்டி பாதி காலியானதும் தண்ணி ஒரு பக்கமா அடிச்சா வண்டி கவுந்துடும். இருநூறு போதும். இன்னொரு தடவை ரொப்பிக்கிட்டா என்ன, தேஞ்சா போயிடுவீங்க?"

"நல்லா சொல்லுங்க," என்றாள் மனைவி. "ஆசைப்பட்டா அளவே தெரியாது இவருக்கு."

அவனுக்கு வேறு கவலை. சாரல் வீட்டுப் பக்கம் வருமா என்று ஒருமுறை கேட்டான். வேறு வார்த்தைகளில் மறுபடியும் கேட்டான். கடைக்காரர் ஒரு நாசிலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பெரிய துளியாக விழும், காற்றில் மிதக்காது, இரும்புக் கைகளைச் செடிக்கு மேல் ரொம்பவும் தூக்காமல் ஓட்டினால் போதும் என்றார். அவன் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்தச் சின்னத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் தொட்டியின் வாயருகே வளைந்து நின்ற ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினார். "ஹோஸை இதுல மாட்டித்தான் தண்ணி பிடிக்கணும். முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சாணாவது இடைவெளி இருக்கணும். தண்ணிக்குள்ள முங்கவே கூடாது."

"முங்கினா என்ன ஆகும்?" மனைவிதான் கேட்டாள்.

"மோட்டார் நின்னா தொட்டியில இருக்கறதைக் குழாய் திருப்பி உறிஞ்சிக்கும்மா. அதுக்கு ஒருவழி வால்வு இருக்கு, குழாயில போட்டுட்டா கவலையில்லை. இப்ப ஸ்டாக் இல்லை. வந்ததும் போன் பண்றேன்."

அவன் காதிலும் அது விழுந்தது. ஆனால் அவன் நாசிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெறும் தண்ணீரை ஊற்றி முதலில் ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில் ஒரு கப்பை வைத்து எல்லாம் ஒரே அளவு கொட்டுகிறதா என்று பார்த்தான். நிலத்தின் மேட்டில் ஒரு கம்பை நட்டு ரிப்பன் கட்டினான். ரிப்பன் தொங்கினால்தான் மருந்து என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டான். தினமும் காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியாக அந்த ரிப்பனைப் பார்ப்பான். அது ஆடும். திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"வானிலை ஆபீசர் இன்னிக்கு என்ன சொல்றார்?" என்று படுக்கையிலிருந்தபடியே கேட்பாள் மனைவி.

"காத்து."

"உங்களுக்குக் காத்து நின்னு நீங்க மருந்தடிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க பிள்ளை வந்து மீதியை அடிச்சிடும்."

பிள்ளை என்ற சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லும்போது அவன் மறுபடி ரிப்பனைப் பார்ப்பான். சொல்லாதே என்று சொல்லவும் பயம்.

ஒருநாள் ரிப்பன் தொங்கியது.

வீட்டு ஜன்னல்களையெல்லாம் அவனே சாத்தினான். கொடியில் கிடந்த துணிகளை உள்ளே கொண்டுவந்து போட்டான். வெளியே வரவே கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு, பூட்ஸ், கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிணற்றடிக்கு ஓட்டிப் போனான். கிணற்று மோட்டார், குழாயைத் திறந்தால் தானாக ஓடி, மூடினால் தானாக நிற்கும். அந்த ஒரே குழாய்தான் கிளை பிரிந்து, ஒன்று கிணற்றடியிலும் மற்றொன்று வீட்டுச் சமையலறையிலும் போய் முடிந்தது.

தொட்டியில் பாதி தண்ணீர் பிடித்து, மருந்தை அளந்து ஊற்றினான். அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கிற வழவழப்பான திரவத்தையும் ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீரைத் திறந்தான். கம்பியில் மாட்டிய ஹோஸிலிருந்து தண்ணீர் உயரத்திலிருந்து விழ விழ, உள்ளே நுரை பொங்கியது. வெள்ளை வெளேரென்று வாய்வரை ஏறி, வழிந்து, தட்டில் இறங்கி, டயரின் மேல் சொட்டியது. மருந்து கலந்த நுரை. அதைப் பார்த்ததும் அவன் பதறிப்போனான். இது மண்ணில் சிந்தும், பூட்ஸில் ஒட்டும், வாசற்படிவரை வரும். ஹோஸைக் கம்பியிலிருந்து உருவித் தொட்டிக்குள் ஆழமாகச் செருகினான். தண்ணீருக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. நுரை அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

வலப்பக்க இரும்புக் கையில் ஒரு நாசில் அடைத்திருந்தது நினைவுக்கு வந்தது. தொட்டி நிறைவதற்குள் மாற்றிவிடலாம் என்று கொட்டகைக்குப் போனான். புது நாசிலைத் தேடி எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. திரும்பி வரும்போது ரிப்பனைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அமைதியாக இருந்தது.

அந்த அமைதிதான் அவனை நிறுத்தியது. மோட்டார் சத்தம் இல்லை.

கரண்ட் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தொட்டியின் பக்கவாட்டில் அளவுக் கோடுகளைப் பார்த்தான். அவன் போகும்போது தண்ணீர் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. இப்போது நூற்றிருபதுக்கும் கீழே இருந்தது. குனிந்து தொட்டிக்கு அடியில் தடவினான். காய்ந்திருந்தது. இரும்புக் கைகள், நாசில்கள், கீழே மண் எல்லாமே காய்ந்திருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மட்டம், மூச்சு விடுகிற வயிறுபோல, இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ஹோஸைப் பிடித்து இழுத்தான். முனை வெளியே வந்ததும் அது 'சர்ர்ர்' என்று காற்றை உறிஞ்சியது.

ஒரு கணம் அவனுக்கு எதுவும் ஓடவில்லை. கடைக்காரரின் விரல் அந்தக் கம்பியைத் தட்டியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது கரண்ட் வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. கிணற்றடிக் குழாய் திறந்தே கிடந்ததால், கையிலிருந்த ஹோஸ் துள்ளி அவன் பூட்ஸ் மேல் தண்ணீரைக் கக்கியது. கூடவே நுரையும். அப்படியென்றால் மற்றக் கிளையிலும் இதே நுரை போய்க்கொண்டிருக்கும்.

மோட்டார் சுவிட்ச் கிணற்றுக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம். அவன் வீட்டைப் பார்த்து ஓடினான். ஓடும்போதே கத்தினான். முகமூடிக்குள் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அதைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கத்தினான். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவனே சாத்தியவை.

சமையலறையில் அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நேத்து பாத்திரம் நீங்கதானே கழுவினீங்க?" திரும்பாமலேயே சொன்னாள். "என்ன லட்சணத்துல கழுவினீங்க? இந்த டம்ளரை எத்தனை தடவை அலசினாலும் சோப்பு போக மாட்டேங்குது."

டம்ளர் நிறைய நுரை இருந்தது.

"குடிச்சியா?"

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் திரும்பினாள். பூட்ஸோடு அவன் உள்ளே வந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"குடிச்சியா, சொல்லு."

"ஒரு வாய் வச்சேன். கசந்துச்சு. துப்பிட்டேன்."

"முழுசா துப்பினியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். நாக்கு வாய்க்குள் எதையோ தேடுவது கன்னத்தில் தெரிந்தது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் போய் மூடினான். கையுறைகளை அப்போதுதான் பார்த்துக் கழற்றினான்.

"தெரியலைங்க," என்றாள்.

வாயைக் கொப்பளிக்க வேண்டும். எதைக் கொண்டு? வீட்டில் இருக்கிற ஒவ்வொரு குழாயும் அதே குழாய். கரண்ட் போவதற்கு முன்பே காலையில் கொதிக்கவைத்த கெட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை ஊற்றிக் கொடுத்தான். அவள் கொப்பளித்துத் துப்பினாள். இன்னொரு முறை. கெட்டில் காலியாகிவிட்டது.

விஷ முறிவு உதவி மையத்தில் போனை எடுத்த பெண் அவசரப்படவே இல்லை. கேனில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு கலந்தீர்கள், எத்தனை மாதம் என்று கேட்டார். மாதத்தை அவன் இரண்டு முறை சொன்னான். "வாந்தி எடுக்கவைக்காதீங்க," என்றார் அந்தப் பெண். "கேனையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பயப்படாம ஓட்டுங்க."

மோட்டாரை நிறுத்தினான். கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவும் தண்ணீர் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் கேனைச் சுற்றி டிக்கியில் வைத்தான். கார் ஓடும்போது அவள் பின்சீட்டில் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பான், ரோட்டைப் பார்ப்பான்.

"அசையுதா?"

"இந்நேரத்துக்குத் தூங்கும்."

இந்நேரத்துக்கு அது தூங்குமா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே இத்தனை மாதம் இருந்திருக்கிறான். காற்று எந்நேரத்துக்குத் தூங்கும் என்று மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேனைத் திருப்பித் திருப்பிப் படித்தார். நர்ஸ் அவள் வயிற்றில் ஏதோ குளிர்ச்சியாகத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல் வந்தது. நர்ஸ் கருவியை நகர்த்தினார். இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவன் நர்ஸின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய காலணியைப் பார்த்தான். முன்பு ஒருமுறை இதே மாதிரி ஒரு இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அவர்கள் இருவரும் இருந்திருக்கிறார்கள். மனைவியின் கை அவன் விரல்களைத் தேடி வந்து பிடித்தது. சில்லென்று இருந்தது.

அப்புறம் அது வந்தது. டகடகவென்று, குதிரை ஓடுவதுபோல.

"இங்க ஒளிஞ்சிருக்கீங்களா?" என்றார் நர்ஸ், வயிற்றைப் பார்த்து.

மனைவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. இப்போதைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே போயிருந்தாலும் மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் நாளை வரை இங்கேயே இருந்து பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். 'இப்போதைக்கு' என்ற சொல் அவனிடம் தங்கிவிட்டது. கிணற்றை இறைத்துக் கொட்ட வேண்டும், இறைத்ததை எங்கே கொட்டுவது, குழாய்களையெல்லாம் என்ன செய்வது என்று யாரிடம் கேட்பது? அவையெல்லாம் தூரத்தில் நின்றன.

"தாகமா இருக்குங்க," என்றாள் அவள். "குடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

மேஜையில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் இருந்தது. அவன் அதை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குலுக்கினான். குமிழிகள் கிளம்பி மேலேறின. எந்தத் தண்ணீரைக் குலுக்கினாலும் குமிழி வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பாட்டிலைக் கண்ணெதிரே பிடித்தபடி நின்றான். ஒவ்வொன்றாக உடைந்தன. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்று மட்டும் போகாமல் இருந்தது.

"ஆபீசரே," என்றாள் அவள் களைப்பாக. "பிள்ளை பிறந்து வந்து அதுவே ஊத்திக் குடுக்கட்டுமா?"

"இரு," என்றான் அவன். "இன்னும் ஒண்ணு இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. தலையணையில் தலையைச் சாய்த்து, அவளும் அந்தக் குமிழியைப் பார்க்கத் தொடங்கினாள்.