ஏக்கத்துக்கு அடுத்த சொல்

தலையணை உறையைத் தலைகீழாகப் பிடித்து மூத்தவள் ஓர் உதறு உதறினாள். உள்ளேயிருந்து இரண்டு துண்டு ரொட்டி தரையில் விழுந்தது. காய்ந்து, ஓரம் சுருண்டு, அட்டைபோல் ஆகியிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முன்னறையில் அப்பா குளிர்பெட்டிக்குள் கிடக்கிறார். மத்தியானம் வண்டி வந்துவிடும். தம்பி வந்த பஸ் வழியில் எங்கேயோ பழுதாகி நிற்கிறது. கேஸ் வேறு தீர்ந்துபோய், பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் படுக்கையில் ரொட்டி. போகிற போக்கிலும் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுத்தான் போகவேண்டுமா என்று காலிக் கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்.

குனிந்து எடுத்தபோதுதான் கை தயங்கியது. வெண்ணெய் தடவிய ரொட்டி. முந்தாநாள் சாயங்காலம் அவளே தடவி, சூப்போடு கொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. அப்பா முழுசாகச் சாப்பிட்டுவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் காலை தம்பிக்குப் போன் செய்தாள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அப்பா அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலை. எல் எழுத்து அவர் பங்கு. லாங்கிங் என்ற சொல் வந்ததும் ஏக்கம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தார். அகராதி நகர்ந்து நகர்ந்து ஒய் எழுத்துக்கு வர வருஷங்கள் ஆயின. அதை எழுதியவர் அப்பாவின் நண்பர், அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒய்க்காரர். யேர்னிங் என்ற சொல்லுக்கு அவரும் ஏக்கம் என்றே எழுதினார். அங்கே பிடித்தது சண்டை. இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் கொடுப்பது சோம்பேறித்தனம் என்றார் அப்பா. முதலில் வந்தவன் நல்ல சொல்லை எல்லாம் வாரிக்கொண்டு போனால் கடைசியில் வருகிறவன் எங்கே போவான் என்றார் ஒய்க்காரர்.

சண்டையை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகள் எதைக் கேட்டாலும், "இது லாங்கிங்கா, யேர்னிங்கா?" என்பார். லாங்கிங் என்பது எட்டாததைப் பார்த்து மனசு ஏங்குவது. ஒரு வாய் காபிக்குக்கூட லாங் பண்ணலாம். கிடைக்காவிட்டால் பாதகமில்லை, ஆசையைக் கூடவே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். யேர்னிங் அப்படியில்லை, அது உடம்பும் சேர்ந்து படுகிற பாடு. காபிக்கெல்லாம் அந்தச் சொல்லைப் போட்டால் கேட்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும் என்பது அப்பாவின் கட்சி. கேட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டால் லாங்கிங், பொறுக்கலாம். சாப்பாடும் இறங்காமல் தூக்கமும் வராமல் கிடந்தால் யேர்னிங்; அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், எப்பாடு பட்டாவது செய்துகொடுப்பார்.

தம்பி சைக்கிள் கேட்ட அன்று, சாப்பிடவே மாட்டேன் என்று வீராப்பாகப் போய்ப் படுத்தான். காலையில் அப்பா அவன் தலையணையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். உறைக்குள்ளிருந்து கடித்த ரொட்டி விழுந்தது. யாருக்கும் தெரியாமல் தின்பதற்கு ஒளித்துவைத்தது. "திருதிருன்னு முழிக்காதே. லாங்கிங்தான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அதற்கப்புறம் இந்த வீட்டில் யார் கதை விட்டாலும், "தலையணையைத் தட்டட்டுமா?" என்பதுதான் பதில்.

முந்தாநாள் மத்தியானம் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "சின்னவன் வந்தா தேவலை" என்றார்.

"கூப்பிடட்டுமாப்பா?"

"அவனுக்கு லீவு குடுப்பாங்களா?"

கொடுக்கமாட்டார்கள். அது இரண்டு பேருக்குமே தெரியும். வெகுநாள் வேலையில்லாமல் அலைந்து, இப்போதுதான் ஒரு பெரிய கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை, அவன் ஒரு நாள் நகர்ந்தால் அந்த இடத்தில் உட்கார ஆள் தயாராக நின்றது.

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. வேலை போனாப் போகுது, வரச் சொல்றேன்" என்றாள்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "அவசரப்படாதே. ஒரு ராத்திரி போகட்டும். வழக்கம்போலப் பாத்துக்கலாம்."

அவளும் வழக்கம்போலப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள், கதவை லேசாகத் திறந்து குறட்டையையும் கேட்டாள். காலையில் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"அக்கா, சுத்தி வளைக்காம சொல்லு. அப்பாவுக்கு எது?"

"தட்டு காலி. படுத்ததும் தூங்கிட்டார். லாங்கிங்தான்டா. டாக்டரும் பயப்பட ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னார்."

"நிச்சயமா?"

"வேணும்னா தலையணையைத் தட்டிப் பாக்கட்டுமா?"

அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். சரி, வாரக் கடைசியில் வருகிறேன் என்று வைத்துவிட்டான். அன்று சாயங்காலம் அவள் சூப்பை ஆற்றிக்கொண்டு அறைக்குள் போனபோது அப்பாவுக்கு மூச்சு இல்லை. தம்பிக்கு மறுபடி போன் செய்து சொன்னாள். "நீதானே லாங்கிங்னு சொன்ன" என்றான். அத்தோடு போன் நின்றது.

இப்போது தலையணையைத் தட்டியாகிவிட்டது. கையில் இரண்டு துண்டு ரொட்டி.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்துபோன நர்ஸ். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இங்கேயே விட்டுவிட்டிருந்தாள். அதை எடுத்துப் பைக்குள் வைத்தவள், போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். முந்தாநாள் ராத்திரி நல்லா தூங்கினாரா?"

"தூங்கினார். ஏன்?"

"வலி தாங்கலைன்னா குடுங்கன்னு டாக்டர் தூக்க மாத்திரை எழுதியிருந்தாரில்ல? ஒரு நாளும் வாங்கிக்க மாட்டார். அன்னைக்கு அவரே கேட்டார். வலியாப்பான்னு கேட்டேன். வலி இல்லம்மா, இன்னைக்கு எம்பொண்ணு பாக்கறப்ப நான் தூங்கிட்டு இருக்கணும்னார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார்." நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்குக்கா அப்படிச் சொன்னார்?"

"தெரியலை" என்றாள் மூத்தவள்.

தெரியாமல் என்ன? எல்லாம் தெரிந்துவிட்டது. நர்ஸ் போனபிறகு நேரே முன்னறைக்குப் போய்க் குளிர்பெட்டியின் கண்ணாடி முன்னால் நின்றாள். அப்பா கண்ணை மூடி, ஒன்றும் அறியாதவர்போல் படுத்திருந்தார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எங்களை ஒரு தடவையாவது ஏமாற்ற விட்டிருப்பீர்களா? பரீட்சை வைத்தது நீங்கள், அதில் காப்பி அடித்ததும் நீங்களா? அதுவும் தம்பியிடம் பிடித்த அதே காப்பியை? அவன் சாப்பிடாதவன்போல் நடிக்க ஒளித்தான், நீங்கள் சாப்பிட்டவர்போல் நடிக்க ஒளித்தீர்கள். அவன் வேலை பிழைத்தது. பழி என் தலையில் விழுந்தது. கண்ணாடியை ஓங்கித் தட்டவேண்டும்போல் இருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் தட்டவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் ஒய்க்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாரும்மா, கடைசியில ஏக்கத்தை அவனே வச்சுக்கிட்டான். என் யேர்னிங்குக்குத் தவிப்பைக் குடுத்தான். அதுல எனக்கு வருத்தம்தான். தவிப்புன்னா அலங்கோலமா இருக்குன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஏக்கம்னா அழகா ஜன்னல்ல கை வச்சிட்டு நிக்கலாம். தவிக்கிறவன் எங்க நிப்பான்?" கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "முந்தாநாள் போன் பண்ணினான். நீ எழுதினதுதான்டா பெரிய சொல்லு, ஒரு வாய் இறங்கலைங்கறான். என்னடா ஆச்சுன்னா சிரிக்கிறான். இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னை ஒத்துக்கிட்டான், அதைக் கொண்டாடக்கூட விடலை."

அவள் சமையலறைக்குப் போனாள். ரொட்டித் துண்டுகளை ஒரு தட்டில் வைத்தாள். குப்பையில் போடும் எண்ணமே இல்லை. தம்பி வரட்டும். இதை அவன் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும். வேறொன்றும் விளக்கவேண்டாம், தலையணை உறையில் இருந்தது என்று சொன்னால் போதும், அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு மிச்சம் புரியும். நீ பொய் சொல்லவில்லை, ஏமாந்துவிட்டாய் என்று அவன் வாயால் கேட்கவேண்டும். அப்பா இல்லை, இனி தம்பியும் பேசாமல் போய்விட்டால் அவளுக்கு என்று இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

தம்பி வந்து சேர்ந்தபோது வண்டியும் வந்து தெருவில் நின்றிருந்தது. கிடங்குச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்; கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் வைத்தான். அட்டை கண்ணாடியில் பட்டு டக்கென்றது. அதை அவசரமாகக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டான். அவன் அழுதது முதுகு குலுங்கியதில்தான் தெரிந்தது.

வண்டிக்காரர்கள் படியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அவன் சமையலறைக்கு வந்தான். அவள் தட்டிலிருந்து ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று காலையிலிருந்தே யோசித்துவைத்திருந்தாள்.

"உங்கூட நான் பேசறதா இல்லை" என்றான் தம்பி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. பஸ்ல வர்றப்பல்லாம் இதான் ஓடிட்டே இருந்துது. அன்னைக்கு ராத்திரி அவர் தவிக்கலை, இல்ல?"

அவள் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டார்னு சொன்ன. தூங்கினார்னு சொன்ன. அது நிஜம்தானே? என்னைத் தேடித் தவிச்சிட்டுப் போகலை, இல்ல? தவிக்கலைன்னா எப்படியாவது சமாளிச்சுக்குவேன். மத்ததுக்கு உன்னை மன்னிக்க முடியாது. அது வேற."

வெளியே யாரோ பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார்கள். நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது.

"நல்லா தூங்கினார்" என்றாள்.

"சாப்பிட்டாரா?"

"முழுசா."

அவன் மூச்சை விட்டான். தோள் கொஞ்சம் தளர்ந்தது. அப்போதுதான் அவன் பார்வை கீழே இறங்கி அவள் கைக்கு வந்தது.

"என்ன அது?"

"ரொட்டி."

"ரொட்டியா?"

"பசிச்சுது" என்று சொல்லி ஒரு வாய் கடித்தாள்.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் அப்பா அவனைப் பார்த்த அதே பார்வை. "அப்பாவைத் தூக்கப்போறாங்க. உனக்கு இப்ப சாப்பாடு இறங்குது" என்றான்.

ரொட்டி கல்லாக இருந்தது, வெண்ணெய் காறிப்போயிருந்தது, தலையணைப் பஞ்சு நாக்கில் ஒட்டியது. அவன் போவதாக இல்லை. முதல் துண்டை மென்று விழுங்கிவிட்டு, இரண்டாவதைக் கடித்தாள்.