மாராயி வாங்கிய ஒயர்

மாராயியைத் தன் நாடகத்தில் பாட வைக்க நினைக்கிற எவனும் செங்கோடனுடைய மைக் செட்டையும் சேர்த்துத்தான் அமர்த்த வேண்டும். "அவ எம்பட பொண்டாட்டி. நான் உடாம ஒரு மேடையிலும் ஏற முடியாது" என்று சேலத்திலிருந்து நாமக்கல் வரை எல்லா நாடகக்காரர்களிடமும் செங்கோடன் சொல்லி வைத்திருந்தான். மாராயி அவன் வீட்டை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை அவன் அவளுடைய முன்னங்கையில் வைத்த அன்றைக்குக் கிளம்பியவள், அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனால் தாலி உறவைத் தீர்த்துவிடச் சொன்னால் மட்டும் அவன் சிரிப்பான். "எங்க போயிருவே? நீ பாடோணும்னா என்ற கொழாயிதான் பேசோணும்" என்பான்.

அதைப் பங்குனித் திருவிழாவில் ராசிபுரத்தில் காட்டியும் விட்டான். மாராயி மேல் ஸ்தாயியைத் தொடுகிற இடத்திலெல்லாம் ஒலிபெருக்கிக் குழாய் செத்துப் போயிற்று. கீழே இறங்கினால் உயிர் வரும். மேலே போனால் மறுபடியும் சாகும். "வாயைத்தான் தொறக்கறா, சத்தத்தக் காணோம்" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, இன்னொருவன் மண்ணை வாரி எறிந்தான். மாராயி பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். மேடைக்குக் கீழே ஒயரில் ஓர் ஒட்டு இருந்தது. செங்கோடனின் பெருவிரல் அதன்மேல் இருந்தது. அழுத்துவான், விடுவான்.

நாடகத்தின் சொந்தக்காரர் ராசப்பன், ஆர்மோனியமும் அவரேதான். அவரிடம் போய்ச் சொன்னாள்.

"அம்மிணி, பொட்டி அவன்து, பேட்டரி அவன்து, கொழாயும் அவன்து. நான் என்னத்தப் பண்ணட்டும்?"

"பொட்டி எல்லாரு கண்ணு முன்னாலயும் இருக்குது, அதத் திருகினா ஊரே அவனப் புடிச்சுக்கும். அதுல கை வைக்க மாட்டான். ஒயருதானுங்க அவனுக்குத் தோது. இனிமே எனக்கு என்ற ஒயரு."

"உனக்கு ஏது ஒயரு?"

"வாங்கறேன்."

உலகச் சண்டைக் காலம் அது. ரப்பர் போட்ட ஒயர் எந்தக் கடையிலும் கிடையாது. பட்டாளத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்துவந்து விற்கிற பழைய சாமான் கடைகள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தன. மாராயி அங்கே போனாள். கடைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னத்துக்கு ஒயரு? துணி காயப்போடவா?"

"உனக்கெதுக்கு? எடுத்துப் போடு."

அவன் எடுத்துப் போட்ட முதல் சுருளைக் காதோரம் வைத்து வளைத்தாள். உள்ளே ரப்பர் மெல்ல நொறுங்கியது. தூக்கிப் போட்டாள். அடுத்ததை நகத்தால் கீறி முனையை உரித்தாள். கம்பி கறுத்துக் கிடந்தது. அதையும் போட்டாள். கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்கறதுக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா?" என்றான். நல்ல சுருள் அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியிலேயே இருந்தது. எழுந்திருக்கச் சொல்லி அதை எடுக்க வைத்தாள். வளைத்தால் பாம்புபோல நெளிந்தது. உரித்த இடத்தில் கம்பி வெள்ளியாய் மின்னியது. முழு நீளத்தையும் தெருவில் விரிக்கச் சொல்லி, விரல் இடுக்கில் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். எங்கேயும் தட்டவில்லை. கடைக்காரன் திட்டிக்கொண்டேதான் கட்டிக் கொடுத்தான்.

இதையெல்லாம் அவள் செங்கோடன் வீட்டில்தான் கற்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒயர்களைச் செய்தது, ஒட்டியது, சுருட்டியது எல்லாம் அவள் கைதான். அவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. இப்போது ராசிபுரத்தில் தன் ஒற்றை அறையில் சூட்டுக்கோலைக் கரி அடுப்பில் செருகியபோது அவளுக்கு முன்னங்கைத் தழும்பு எரிகிற மாதிரி இருந்தது. கோலை உருவிக் கீழே வைத்தாள். பிறகு எடுத்தாள். ஈயம் ஒட்டுவதற்குக் குங்கிலியப் பொடி தூவி, முனைகளைத் திருகாணிக்கு ஏற்றபடி வளையமாக்கி ஈயம் பிடித்தாள். யாராவது தடுக்கி இழுத்தாலும் இழுப்பு ஈயத்துக்குப் போகாதபடி, கொஞ்சம் தள்ளி மெழுகுநூலால் ஒரு கட்டுப் போட்டாள். பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒயர் முழுக்க உறைபோலத் தைத்தாள்.

பிறகு சுருட்டினாள். ஒரு சுற்று வந்த வாக்கில் போடுவாள்; அடுத்த சுற்றை மணிக்கட்டைத் திருப்பி உள்வாக்கில் போடுவாள். அப்படிச் சுருட்டினால் ஒன்றின் முறுக்கை மற்றது எடுத்துவிடும். ஒரு முனையைப் பிடித்துச் சுருளை வீசினால் சிக்கில்லாமல் ஓடும், உள்ளே கம்பியும் நோகாது. செங்கோடன் கைக்கும் முழங்கைக்குமாக முறுக்கிச் சுற்றுகிறவன். அப்படிச் சுற்றி வைத்த ஒயர் ஆறு மாதம் தாங்கினால் அதிகம்.

வைகாசியில் கொல்லிமலையில் தேவனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தின் மாரியாயி நோன்பித் திருவிழாவுக்கு ராசப்பனைக் கூப்பிட்டார்கள். குழாய் வேண்டும் என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை. காரவள்ளி அடிவாரத்தில் எல்லாரும் கூடினார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த ஆட்கள் சத்தத்தைக் கூட்டுகிற பெட்டியையும் குழாயையும் தலையில் வைத்துக்கொள்ள, லாரி பேட்டரிகளை மூங்கிலில் கட்டித் தோளில் ஏற்றினார்கள்.

மாராயியின் தோளில் சேலைக்கரைச் சுருளைப் பார்த்ததும் செங்கோடன் நின்றான்.

"என்ன அது?"

"ஒயரு. இனிமே நான் பாடறப்ப இதத்தான் மாட்டோணும்."

"கண்டவ கட்டிக்கிட்டு வந்த கவுத்தையெல்லாம் என்ற பொட்டியில மாட்டுவனா? ராசப்பண்ணா, சொல்லி வையுங்க. மாட்ட மாட்டேன்."

"நீ மாட்டற நாளும் வரும்" என்றாள் மாராயி. முன்பெல்லாம் அவனை 'ஏனுங்க' என்பாள். இப்போது வாய் தானாகவே 'நீ' என்றது. ராசப்பன் இரண்டு பேரையும் பார்க்காமல் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அண்ணாமலை என்கிற மலையாள், செங்கோடனின் ஒயர்க்கட்டை எடுத்து, "இத எப்பிடிங்க கொண்டாறது?" என்று கேட்டான்.

"பேட்டரி மேல வெச்சு இறுக்கிக் கட்டு. அவுறக் கூடாது."

அண்ணாமலை அப்படியே செய்தான். காலை ஊன்றி இழுத்துக் கட்டினான். வெயிலில் விறைத்துப்போன பழைய ரப்பர், பேட்டரிப் பெட்டியின் கூர்விளிம்பில் மடிந்ததை மாராயி பார்த்தாள். ஏறி முடிப்பதற்குள் உள்கம்பி பத்து இடத்தில் இற்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழி நெடுக அந்தக் கட்டுக்குப் பின்னாலேயே நடந்தாள். மூங்கில் ஆடும்போதெல்லாம் அவள் மனசு குளிர்ந்தது.

மேலே அவர்கள் தங்கிய இடம் ஊர்த் தலைவரான கவுண்டர் சின்னுசாமியின் வீட்டை ஒட்டியிருந்தது. அவர் மனைவி அத்தாயி சாமைச்சோறு போட்டாள். மாராயி குனிந்து சாப்பிடும்போது அவளுடைய முன்னங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு, "யாரு கண்ணு சுட்டது?" என்று நேராகக் கேட்டாள்.

"குழாய்க்காரன்தானுங்க. என்ற புருசன்."

"இன்னுமா புருசன்?"

"தீத்து உட மாட்டேங்கறானுங்க."

"எங்க மலையில ஒத்து வரலீன்னா கவுண்டரு முன்னால துரும்பு கிள்ளிப் போட்டுட்டு அவங்கவங்க பாட்டுக்குப் போயிருவாங்க. நாலு பேருக்குக் கேக்கச் சொல்லோணும், அவ்வளவுதான். கீழ உங்களுக்கு அதெல்லாம் இல்லியா?"

"இருக்குதுங்க. ஆனா அவன் வாயத் தொறக்கோணுமே" என்றாள் மாராயி. சோற்றைப் பாதியிலேயே விட்டாள். யோசித்துக்கொண்டே கை கழுவினாள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் கோயில் வெளி நிறைந்துவிட்டது. குழாயை வேங்கை மரத்தில் கட்டியிருந்தார்கள். செங்கோடன் பெட்டியை முடுக்கி மைக்கைத் தட்டினான். ஒன்றுமில்லை. ஒயரை ஆட்டினால் கரகரத்தது, விட்டால் செத்தது. ஒரு இடத்தில் வெட்டி முறுக்கினான். அடுத்த அடியில் அற்றிருந்தது. மிச்சமிருந்த நல்ல துண்டு ஒரு முழம்கூட இல்லை. அதை வைத்து மைக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில், குழாய்க்கு நேர் கீழே கட்டிப் பார்த்தான். குழாய் காது கிழிய ஊளையிட்டது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. குழந்தைகள் வீறிட்டன. பெரியவர்கள் முதலில் பயந்து, பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் செங்கோடனை உசுப்பியது. "இவதான்! இவதான் என்ற ஒயர அறுத்துட்டா!" என்று மாராயியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

சின்னுசாமி கவுண்டர் எழுந்து வந்தார். "எங்க அறுத்திருக்குது? காட்டு."

செங்கோடனால் காட்ட முடியவில்லை. அவனே வெட்டிய இடங்கள் தவிர மேலே ரப்பர் முழுசாகத்தான் இருந்தது.

"அவன்தானுங்க இறுக்கிக் கட்டச் சொன்னான்" என்றான் அண்ணாமலை. "அந்தம்மா கையே வெக்கலீங்க."

ராசப்பன் மாராயியிடம் ஓடினார். "அம்மிணி, உன்ற ஒயரக் குடு. மானம் போகுது."

மாராயி சுருளின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "குடுக்கறனுங்க. ஆனா அதுல மொதப் பேச்சு இவன் பேச்சா இருக்கோணும். மைக்குல நின்னு, எனக்கும் அவனுக்கும் தீந்து போச்சுன்னு துரும்பு கிள்ளிப் போடட்டும். அப்பறம் விடியற வரைக்கும் பாடறேன்."

கூட்டம் செங்கோடன் பக்கம் திரும்பியது.

"த்தூ!" என்றான் செங்கோடன். இடுப்பிலிருந்து ஒயர் வெட்டுகிற கத்தியை உருவிக்கொண்டு அவளை நோக்கி வந்தான். "துண்டு துண்டா நறுக்கிப் போடறேன் பாரு." அண்ணாமலையும் இன்னொருவனும் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். மாராயி சுருளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். நகரவில்லை.

சின்னுசாமி அவளுடைய கையைப் பார்த்தார். அத்தாயி ஏற்கனவே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. செங்கோடனிடம் திரும்பினார்.

"கொழாயி பேசும்னு நாடு முழுக்கச் சொல்லி உட்டிருக்கறோம். பேச வைக்கறது உன்ற வேலை. அந்தப் புள்ள கேக்கறது ஞாயமான பேச்சுத்தான். முடியாதுன்னா போ. ஆனா உன்ற பேட்டரியத் தூக்க எங்க ஆளு ஒருத்தனும் தோள் குடுக்க மாட்டான். நீயே தூக்கிட்டு எறங்கு."

செங்கோடன் பேட்டரிகளைப் பார்த்தான். மலைப்பாதையை நினைத்திருப்பான். ராசப்பனைப் பார்த்தான், ராசப்பன் தரையைப் பார்த்தார். பிறகு கத்தியை இடுப்பில் செருகினான்.

மாராயி எழுந்து சுருளை வீசினாள். அது மேடை வரைக்கும் நேராக ஓடியது. இரண்டு முனையையும் அவளே திருகி மாட்டினாள். அத்தாயி கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி வந்து செங்கோடன் கையில் வைத்தாள்.

அவன் மைக் முன்னால் நின்று, பழக்க தோஷத்தில், "ஹலோ" என்றான். குழாய் அவன் குரலைத் தூக்கி எதிர்ச்சரிவில் அடித்தது. அவனே திடுக்கிட்டான்.

"மாராயிக்கும் எனக்கும் தீந்து போச்சு."

"உன்ற பேரு, அப்பன் பேரு, ஊரு சொல்லிச் சொல்லு" என்றார் கவுண்டர்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். துரும்பைக் கிள்ளி எறிந்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த சரிவிலிருந்து யாரோ ஒருவன் கை குவித்துக் கூவினான்: "கேட்டுது!" கோயில் வெளி முழுக்கச் சிரித்தது. மாராயிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பாட்டை மோசமாகத்தான் பாடினாள். இரண்டாவதும் அப்படித்தான். பெட்டியண்டை உட்கார்ந்திருந்த செங்கோடன் உதட்டைச் சுழித்தான். அதைப் பார்த்த ஆத்திரத்தில் மூன்றாவது பாட்டைச் சுருதி ஒரு கட்டை ஏற்றி எடுத்தாள். மேல் ஸ்தாயியில் குரல் நின்றது. குழாயும் நின்றது. அறுபடவே இல்லை.

மறுநாள் காரவள்ளியில் இறங்கியதும் செங்கோடன் ராசப்பனைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினான். ராசப்பன் திரும்பி வந்து, மாராயியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அம்மிணி, எனக்குப் பாடற பொம்பள கெடைப்பா. இந்தச் சண்டைக் காலத்துல இன்னொரு மைக் செட்டு கெடைக்காது. நீ வேற எடம் பாத்துக்கோ."

"நேத்து என்ற ஒயருலதானுங்க உங்க மானம் நின்னுது."

"அது நேத்து."

"நீங்களும் ஒரு மனுசன்னு ஆர்மோனியத்தத் தொடறீங்களே" என்றாள் மாராயி. அதற்குமேலும் நிறையச் சொன்னாள். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் வந்து நின்று, புகை கக்கி, கண்டக்டர் கத்தும் வரைக்கும் சொன்னாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அழுகை வந்தது; பக்கத்திலிருந்தவள் கேட்டதற்குப் புகை என்று சொன்னாள்.

மூன்று மாதம் அவளுக்கு மேடை இல்லை. ஆவணியில் ஆத்தூர் பக்கத்து நாடகக்காரர் அர்த்தனாரி கூப்பிட்டு அனுப்பினார். அதைக் கேள்விப்பட்டு செங்கோடன் அங்கேயும் போய் நின்றான். மலையில் நடந்தது விளையாட்டுப் பேச்சு என்றும், அவள் இன்னும் தன் பெண்டாட்டிதான் என்றும் சொன்னான். அர்த்தனாரி தயங்கிவிட்டு, "ராசிபுரம் சந்தையில விசாரிக்கலாம் வா" என்று அவனையும் அழைத்துப் போனார். மாராயியும் போனாள்.

சந்தையில் மிளகும் பலாப்பழமும் வைத்து உட்கார்ந்திருந்த மலையாள்களிடம் அர்த்தனாரி கேட்டார். அவர்களில் ஒருவர் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துத் திண்ணனூர் நாட்டுக்காரர்; அந்த நோன்பிக்குத் தான் வரவில்லை என்றார். ஆனாலும் செங்கோடனின் பேரையும், அப்பன் பேரையும், ஊரையும் தடங்கலில்லாமல் சொன்னார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ வரவே இல்லியே!" என்று செங்கோடன் சீறினான்.

"நான் எதுக்குச் சாமி வரோணும்? எங்கூட்டு வாசல் வரைக்கும் நீதான வந்து சொன்னே."

பக்கத்துக் கடைக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். செங்கோடன் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த தை மாதம் அவன் ஈரோட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாராயி விசாரிக்கவில்லை.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அர்த்தனாரி, "நம்ம மைக் செட்டுக்காரரும் கொஞ்சம் முசுடுதான் அம்மிணி. அடுத்தவங்க ஒயர மாட்ட உட மாட்டாரு" என்றார்.

"உடுவாருங்க" என்றாள் மாராயி.