கடைசி மூச்சு எந்த இடம்

சிற்பி சீப்ரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபோதே மிர்தேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராட்டர்டாம் துறைமுகத்துப் பழைய கிடங்கில் ஒயினும் கையுமாக நின்ற கூட்டமும் அவனோடு சேர்ந்து கண்ணை மூடியது. அவனுக்குப் பின்னால், குழியும் புடைப்புமாக, கடித்துத் துப்பிய மெழுகுபோல் ஆளுயரத்துக்கு நின்றது சிற்பம். மருத்துவமனையில் அம்மாவின் கடைசி மூச்சைப் பதிவு செய்து, அதையே இப்படி உருவமாக்கியதாகத் தழுதழுத்தான்.

அந்த உருவத்தை உண்டாக்கிய கணினி நிரலை எழுதியவள் மிர்தே. கணினிக்குள் ஒரு பெட்டி நிறையத் தாறுமாறாக எண்களைக் கொட்டி, குறிப்பிட்ட மதிப்பு வரும் இடங்களையெல்லாம் குட்டி முக்கோணங்களால் தோல்போல் மூடினால் இப்படியொன்று கிடைக்கும். தொடக்க எண்ணை மாற்றினால் வேறொன்று. ஒரு மத்தியானம் ரொட்டியைக் கடித்தபடியே அவள் வரிசையாக ஓட்டிக் காட்ட, இது சோகமாக இருக்கிறது என்று சீப்ரன் இதைப் பொறுக்கினான். இதில் மூச்சும் இல்லை, அம்மாவும் இல்லை. சீப்ரன் வெறும் வாய். கண்ணைத் துடைக்கிற இந்தக் கூட்டம் அதைவிட மட்டம். ஆனாலும் சிற்பத்தின் பெயர்ப்பலகையில் தன் பெயரும் பொடி எழுத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் சீஸ் தட்டுகள் பக்கம் நகர்ந்ததும் சீப்ரனின் அப்பா வீபே அவளிடம் வந்தார்.

"நீதானேம்மா கம்ப்யூட்டர்ல இத செஞ்சது? அவளோட கடைசி மூச்சு இதுல எந்த இடம்?"

உண்மை தொண்டைவரை வந்தது. கோணலாகக் கட்டியிருந்த அவருடைய டையைப் பார்த்தாள். கிழவர் ஏதோ ஒரு பள்ளத்தைத் தடவிவிட்டு நிம்மதியாகப் போகட்டும். இதுகளுக்கு இது போதும்.

"இங்கதாங்க" என்று இடுப்புயரத்தில் ஒரு குழியைக் காட்டினாள். "இங்க வந்துதான் அடங்குது."

வீபே அதைத் தொடவில்லை.

"அவ போனப்ப பக்கத்துல இருந்தது நான் மட்டும்தான். இவன் ஆஸ்திரியாவுல பனிச்சறுக்கு விளையாடிட்டு இருந்தான், ஃபோனக்கூட எடுக்கல. அவன் பொய் சொல்வான்னு தெரியும். உன்ன பாத்தா வேற மாதிரி தெரிஞ்சுது, அதான் கேட்டேன்."

அவர் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. இத்தனை நேரம் அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. கையிலிருந்த ஒயின் கோப்பையை அந்தக் குழியில் வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி வாசலை நோக்கி நடந்தார்.

கோப்பை சாயாமல் நின்றது, அடியில் கொஞ்சம் சிவப்போடு. ஒரு தம்பதி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.